கிரகணத்தின் மேல் விழுந்த பழி

என் தங்கைக்கு நான் ஒரு தக்காளியை உண்ணக் கொடுத்தேன். அது எங்கள் ஆய்வகத்தில் மரபணு மாற்றி உருவாக்கிய தக்காளி. எலிகளைத் தவிர வேறெந்த உயிரும் அதுவரை அதைத் தின்றதில்லை. அந்த உண்மையை அவளிடம் சொல்லவில்லை. அதோடு விட்டேனா? மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடு, இந்தப் பழமே போதும் என்றும் சொன்னேன்.

அவளுக்குப் பிறந்த குழந்தை இன்று இரண்டு கால்களிலும் இரும்புத் தாங்கிகள் பூட்டிக்கொண்டு நடக்கிறாள்.

இதுதான் நான் செய்தது. இத்தனை ஆண்டுகளில் எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்ல ஏன் துணிந்தேன்? நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். தெருவில் எதிரே வந்தாலும் என் முகத்தில் காறி உமிழமாட்டீர்கள். கோழைத்தனம்தான்... ஒப்புக்கொள்கிறேன்.

நான் தாவரங்களின் மரபணுக்களை ஆராய்பவள். திண்டுக்கல்லுக்கு வெளியே, மலைக்கோட்டைப் பாறை தூரத்தில் தெரியும் ஒரு வளாகத்தில் எங்கள் ஆய்வகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த இடத்தின் மீது எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும் என் மீதுதான்.

எட்டு ஆண்டுகள் ஒரே ஒரு தக்காளியோடு வாழ்ந்தேன். ஃபோலேட் என்ற சத்து அதில் பல மடங்கு ஊறும்படி வேறொரு செடியின் மரபணுவை அதற்குள் சேர்த்திருந்தோம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாதான் அந்த மரபணுவைச் சுமந்துகொண்டு செடிக்குள் செல்லும் தூதுவன். நூறு முறை தோற்று, ஒரு முறை வென்றோம். ஒரு பழத்தைத் தின்றால் ஒரு நாளைக்கு வேண்டிய ஃபோலேட் கிடைத்துவிடும்.

அந்தச் சத்து எதற்கு என்று கேட்பீர்கள். கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள், தான் கர்ப்பமாக இருப்பதையே தாய் அறிவதற்கு முன்னால், குழந்தையின் முதுகுத்தண்டு இருபுறமும் மடிந்து ஒரு குழாயைப்போல மூடிக்கொள்ள வேண்டும். ஃபோலேட் குறைந்தால் அது மூடாமல் போகலாம். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுக்கிறார்கள்.

எலிகள் தின்றன. நன்றாக இருந்தன. ஆனால் மனிதருக்குக் கொடுக்க இன்னும் எத்தனையோ சோதனைகள், எத்தனையோ அனுமதிகள் பாக்கி இருந்தன. செடிகள் வலைக்கூடத்துக்குள், இரண்டு கதவுகளுக்குப் பின்னால் வளர்ந்தன. பறித்த பழங்களைக்கூட நீராவியில் அவித்துக் கொன்றுதான் வெளியே கொட்டுவோம்.

எங்கள் பேராசிரியர் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றைச் சொல்வார். என்னிடமும் சொன்னார்.

“ஒரு விதைகூட இந்த ரெண்டு கதவையும் தாண்டக் கூடாதும்மா. நம்ம விதை கெட்டதுங்கிறதுனால இல்ல. அது என்ன செய்யும்னு இன்னும் நமக்கே முழுசாத் தெரியாதுங்கிறதுனால.”

தலையாட்டினேன். ஒரு நாள் அந்த இரண்டு கதவுகளையும் தாண்டி வந்தேன். என் கைப்பையில், கைக்குட்டையின் மடிப்புக்குள், மூன்று விதைகள் இருந்தன.

ஏன்? என் தங்கைக்காக என்று சொல்லி என்னையே பல காலம் ஏமாற்றி வந்தேன்.

வளர்மதி என்னைவிட ஆறு வயது இளையவள். சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். கணவன் பாண்டி மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவன், பூவைப்போலவே பேசுகிறவன். திருமணமான மறு வருடம் உருவான கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அடுத்த குழந்தைக்கு முன்னால் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை.

அதை விழுங்கினாலே அவளுக்குக் குமட்டும். சாப்பிட்ட சோறு நிற்காது.

“என்னால முடியலக்கா. மாத்திரை டப்பாவப் பாத்தாலே வயித்தப் பொரட்டுது” என்று போனில் அழுவாள்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இரும்பு சேர்ந்த மாத்திரைதான் குமட்டும்; அது இல்லாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் உள்ள சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று இருக்கிறது, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்! எனக்குத் தெரியாததா? என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே அதை எழுதியிருக்கிறேனே!

நான் சொல்லவில்லை... என்னிடம் என் தக்காளி இருந்தது.

இப்போது புரிகிறதா? அன்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அன்புக்கு அடியில் ஒரு கர்வம் உட்கார்ந்திருந்தது. என் எட்டு ஆண்டு உழைப்பை உண்ணும் முதல் மனித உயிர் என் தங்கையாக இருக்க வேண்டும்! அவளுக்கு நல்ல குழந்தை பிறக்க வேண்டும்! என்றோ ஒரு நாள் அந்தத் தக்காளி உலகுக்கு வரும்போது, அதை முதலில் தின்றவள் இவள்தான் என்று எனக்குள்ளேயே நான் சிரித்துக்கொள்ள வேண்டும்!

திண்டுக்கல்லில் என் வாடகை வீட்டு மாடியில் விதைகளை முளைக்கவிட்டேன். நாற்றுகளை எடுத்துக்கொண்டு பேருந்தில் போய் வளர்மதி வீட்டுக் கொல்லையில் நட்டேன்.

“என்னக்கா ரகம் இது?”

“புது ஒட்டு ரகம். சத்து ஜாஸ்தி. தினம் ஒண்ணு பச்சையா உப்புத் தொட்டுத் தின்னு.”

ஒரு நாற்றை ஆடு மேய்ந்தது. இன்னொன்று வாடிப்போனது. மூன்றாவது ஒன்றுதான் வேர் பிடித்து, கொம்பு கொடுத்துக் கட்டுமளவுக்குப் படர்ந்து, ஆவணியில் கொத்துக்கொத்தாகக் காய்த்தது. அந்தப் பழத்தின் நிறத்தைக் கண்டு எனக்குக் கண்ணீர் வந்தது. நான் பெற்ற பிள்ளை அல்லவா அது!

“அப்ப இந்த மாத்திரைய நிறுத்திரவாக்கா?” என்று வளர்மதி கேட்டாள். பாண்டியும் அருகில் இருந்தான். அவன் கண்களில் என் படிப்பின் மேல் இருந்த மரியாதை அப்படியே தெரிந்தது.

“மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

“நிறுத்திக்க. இது போதும்” என்றேன்.

எவ்வளவு சின்ன வாக்கியம்! அதற்குப் பிறகு நான் பேசிய எந்தச் சொல்லும் அதை அழிக்கவில்லை.

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் எடுத்துவந்தவை புது மரபணு உறுதியாக நிலைபெறாத தலைமுறையின் விதைகள். அத்தகைய விதைகளில் நான்கில் ஒன்று, சேர்த்த மரபணுவே இல்லாமல் வெறும் தக்காளியாகப் பிறக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. இலையைக் கிள்ளிச் சோதித்தால்தான் தெரியும்.

நான் சோதிக்கவில்லை. இலையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், இது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன்! எலிகளுக்குக் கொடுக்கும்போதுகூட ஒவ்வொரு செடியையும் சோதித்துவிட்டுத்தானே கொடுத்தேன்? எலிக்குக் காட்டிய அக்கறையை என் கூடப்பிறந்தவளுக்குக் காட்டாமல் போனேனே...

கார்த்திகையின் கடைசியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது உறுதியாயிற்று. அடுத்த மாதம், மார்கழியில், ஒரு காலை வேளையில் சூரிய கிரகணம் வந்தது.

எங்கள் பக்கத்தில் அது முழு வளையமாகத் தெரியும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, சூரியனைப் பார்க்கும் கறுப்புக் கண்ணாடியோடு வளர்மதி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மாமியார், பிள்ளைத்தாய்ச்சி வாசற்படி தாண்டக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, தாம்பாளத் தண்ணீரில் உலக்கை நிற்பதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்.

“வா வளரு. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல” என்று நான்தான் அவளைக் கொல்லைக்கு அழைத்தேன்.

அவள் தயங்கித் தயங்கி வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். “அய்யோ... தங்க வளையல் மாதிரி இருக்குக்கா!” என்று சின்னப் பெண்ணைப்போலச் சிரித்தாள். வெயில் மங்கி, வெளிச்சம் ஒரு மாதிரி வெளிறியிருந்தது.

கதவு திறக்கும் ஓசை கேட்டது. மாமியார் திரும்பிவிட்டார். நான் கண்ணாடியைப் பறித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

“ஏண்டி! உன்ன என்ன சொல்லிட்டுப் போனேன்? கூறுகெட்டவளே!”

“ஆட்டுக்குட்டி கத்துச்சு அத்தே... அவுத்துக்கிட்டு ஓடிருச்சோன்னு பாக்க வந்தேன்” என்றாள் வளர்மதி.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அப்போது அது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஐந்தாம் மாதத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேன், கொரோனா ஊரடங்கில் பேருந்து ஓடாததால் தள்ளிப்போனது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்று பாண்டி கேட்டபோது நானும் சரி என்றேன். நான்தான் ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுவிட்டேனே! எனக்கு ஏது பதற்றம்!

ஆடி மாதம் திண்டுக்கல்லில் குழந்தை பிறந்தது. பெண். நல்ல எடை, நல்ல அழுகை. கீழ் முதுகில், தோல் மூடாத இடத்தில், நீர் நிறைந்த ஒரு கொப்புளம்போல் சவ்வு புடைத்திருந்தது. கால்கள் அசையவில்லை.

மருத்துவர் சொல்வதற்கு முன்பே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தைத்தான் எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு கருத்தரங்கிலும், ‘இதைத் தடுக்கவே எங்கள் ஆய்வு’ என்று திரையில் காட்டிவந்தேன்...

அறுவை சிகிச்சைக்கு மதுரைக்கு அனுப்பினார்கள். வளர்மதியால் எழ முடியவில்லை. பாண்டி ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆம்புலன்ஸில் குழந்தையை நான்தான் குப்புறக் கிடத்திப் பிடித்துக்கொண்டு போனேன். என் உள்ளங்கையைவிட அந்த முதுகு சிறியதாக இருந்தது.

மதுரையில் ஓர் இளம் மருத்துவர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“கர்ப்பத்துக்கு முன்னாடி ஃபோலிக் ஆசிட் ரெகுலரா போட்டாங்களா?”

“போட்டாங்க” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அந்தக் கோப்பு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு முறை மறுபரிசோதனைக்குப் போகும்போதும் யாரோ ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, “மாத்திரை போட்டும் வந்திருக்கு பாருங்க” என்று தலையசைப்பார். நானும் கூடவே தலையசைப்பேன்.

குழந்தை வீடு திரும்பிய அன்று, வளர்மதியின் மாமியார் வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“கிரகணத்துல வெளிய வராதடின்னு எம்புட்டுச் சொன்னேன்! கேட்டாளா? ஆட்டுக்குட்டிதான் பெருசாப் போச்சு! இந்தப் பச்சப்புள்ள முதுகக் கிழிச்சுப்புட்டாளே!”

அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பேத்தியை நெஞ்சில் போட்டுத் தூங்கவைத்தவர் அவர்தான். நடந்ததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது அவருக்கு. அவருக்குக் கிடைத்த காரணம் அது.

எனக்கோ உண்மை தெரியும். கிரகணம் வந்த நாளில் அந்த முதுகுத்தண்டின் விதி ஏற்கெனவே முடிந்திருந்தது. மூட வேண்டிய நாட்கள் கார்த்திகையோடு கடந்துவிட்டன. சந்திரன் சூரியனை மறைத்தால் என்ன, மறைக்காவிட்டால் என்ன? அந்த ஊரில், அந்த வீட்டில், இதை அறிந்த ஒரே ஆள் நான்.

நான் அறிவியல் படித்தவள்! மூடநம்பிக்கையை எதிர்த்துக் கல்லூரி மேடைகளில் முழங்கியவள்! அன்று அந்த வாசலில், சுவரோடு சுவராக நின்றேன். அந்த மூடநம்பிக்கை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? வெயிலுக்கு ஒதுங்கிய நிழல்போல!

மாமியார் உள்ளே போன பிறகு வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெடித்துப்போயிருந்தது. மெதுவாகச் சொன்னாள்:

“நீதான் கூப்ட்டன்னு யாருட்டயும் சொல்லமாட்டேங்க்கா. செத்தாலும் சொல்லமாட்டேன். நீ வேணும்னா செஞ்ச?”

எப்படி இருந்திருக்கும் எனக்கு! நான் செய்யாத ஒரு குற்றத்துக்காக என்னை மன்னித்து, அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்: “வளரு, கிரகணத்துனால இதெல்லாம் வராதுடி. அது சும்மா கட்டுக்கதை. உன் மேல தப்பே இல்ல.”

அவள் தலை நிமிர்ந்தாள். அவள் கண்களில் ஒரு கணம் ஒளி வந்ததைப் பார்த்தேன்.

“அப்ப வேற எதுனாலக்கா வந்துச்சு? நீ படிச்சவ... உனக்குத் தெரியும்ல? சொல்லுக்கா.”

அதுதான் அந்தக் கணம். கதவு திறந்திருந்தது. ஒரே ஓர் அடி வைத்திருந்தால் வெளியே வந்திருப்பேன்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குழந்தையைப் பார்த்தேன். என் வேலை, பேராசிரியரின் முகம், அந்த இரண்டு கதவுகள், பாண்டியின் ‘மதினி சொன்னா சரியாத்தான் இருக்கும்’... எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

“தெரியலடி” என்றேன்.

அந்த ஒளி அணைந்துபோனது. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காரணம் தெரியாது என்று அக்காவே சொல்லிவிட்டாள். அப்படியானால் மாமியார் சொன்னதுதான் காரணம். வேறென்ன நினைப்பாள்?

அன்று பூட்டிய கதவு. அதற்குள்தான் இன்னும் இருக்கிறேன்.

சில வாரங்கள் கழித்து வேறொரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் சேர்த்த மரபணுவே குழந்தைக்குக் கேடு செய்திருக்குமோ? இருக்காது என்று அறிவு சொன்னது, உறக்கம் கேட்கவில்லை. செடி எப்போதோ பட்டுப்போய்விட்டது. ஆனால், “நல்லாக் காச்சுச்சுன்னு விதை எடுத்து வச்சேங்க்கா” என்று வளர்மதி ஒரு முறை சொன்னது நினைவிருந்தது. சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைத்திருந்தாள். அவளுக்குத் தெரியாமல் அந்த முடிச்சை எடுத்துவந்தேன்.

முளைக்கவைத்தேன். மதிய உணவு வேளையில், எல்லோரும் கேன்டீனுக்குப் போன நேரத்தில், ஆய்வகத்தில் இலைகளைச் சோதித்தேன். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பி.சி.ஆர். சோதனைதான். நாங்கள் சேர்த்த மரபணு இருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் ஓர் ஒளிக்கோடு தெரியும்.

கோடு இல்லை. இருபது நாற்றுகளைச் சோதித்தேன். ஒன்றில்கூட இல்லை.

நான்கில் ஒன்று என்றேன் அல்லவா? கொல்லையில் வேர் பிடித்த அந்த ஒற்றைச் செடி அந்த ஒன்றுதான். மரபணு சேராத வெறும் தக்காளி. ஒட்டன்சத்திரம் சந்தையில் கூடைகூடையாகக் குவித்து வைத்திருப்பார்களே, அதற்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? சொல்லக் கூசுகிறது... ஆனாலும் சொல்ல வேண்டும். மகிழ்ச்சி! ஆம், மகிழ்ச்சி! என் மரபணு குற்றமற்றது! என் தக்காளி யாருக்கும் தீங்கு செய்யவில்லை! அந்த இருட்டறையில் நின்று, கைகூப்பி, கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

பிறகுதான் மெல்ல மெல்லப் புரிந்தது. அப்படியானால் அந்த மாதங்களில் என் தங்கையின் உடம்பில் மாத்திரையும் இல்லை, என் தக்காளியின் சத்தும் இல்லை. எதுவுமே இல்லை. இருந்த ஒரே ஒரு காவலை நான் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் என் கர்வத்தை நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. அந்தச் சோதனைக்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு மதிய வேளை மட்டுமே. யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஓராண்டுக்கு முன்னால் இதே மதிய வேளையை நான் ஒதுக்கியிருக்கலாம்!

நாற்றுகளை நீராவியில் அவித்துக் கொட்டினேன். வலைக்கூடத்து மரபணு எதுவும் அந்த மண்ணில் பரவவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு நான் செய்ததற்கு இனி எந்தத் தடயமும் இல்லை. எவ்வளவு பத்திரமான சிறை பாருங்கள்! பூட்டு உண்டு, காவலாளி இல்லை.

மாத்திரை போட்டிருந்தாலும் இது வந்திருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள், உங்களுக்கு இரக்கம் இருந்தால். உண்மைதான். மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், முழுதும் நீக்காது. ஆகவே என்னால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியாது. அந்த ‘வந்திருக்கலாம்’ என்ற ஒரு சொல்லுக்குள்தான் நான் இத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். காலை நீட்டிப் படுக்க அதில் இடமில்லை.

குழந்தைக்கு யாழினி என்று பெயர் வைத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். வளர்மதி அதைக் கற்றுக்கொண்டாள். திருமண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து ஓடுவாள். பூப்பறிக்கும் தோட்டத்திலிருந்து ஓடுவாள். ஒவ்வொரு கிரகணத்தன்றும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிறாள். பழனிக்கு நடந்தே போகிறாள். என்ன வேண்டுதல் என்று கேட்டால், “எம் பாவம் எம்புள்ளைய விட்டுப் போகணும்” என்பாள்.

நானும் ஓடுகிறேன். கிராமம் கிராமமாகப் போய், பள்ளிப் பெண்களிடம் ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன். நத்தத்தில் ஒரு கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். “சொந்தத் தங்கை மகளின் துயரத்தைத் தொண்டாக மாற்றியவர்” என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார். அந்தச் சால்வை என் தோளில் கிடந்தது... நெருப்பாய்!

ஏன் சொல்லிவிடக் கூடாது என்று கேட்கிறீர்களா? ஆயிரம் காரணங்கள் வைத்திருக்கிறேன். சொன்னால் ஆய்வுக்கூடத்தை மூடுவார்கள். நேர்மையாக உழைக்கும் பத்துப் பேரின் வாழ்வு போகும். மரபணு மாற்றத்தை வெறுப்பவர்கள், பார்த்தீர்களா என்பார்கள். அந்தச் செடியில் மரபணுவே இல்லை என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்? வளர்மதிக்கு அவசரத்துக்கு ஓடிவர நான் ஒருத்திதான் இருக்கிறேன். அவள் என்னையும் இழப்பாள். எல்லாமே நியாயமான காரணங்கள். எல்லாமே எனக்குச் சாதகமானவை. கவனித்தீர்களா?

இந்த ஆண்டு தையில் வளர்மதி என் வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது குழந்தைக்கு இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தவள், இப்போது துணிந்திருந்தாள்.

“அக்கா, அந்தத் தக்காளி விதை இருக்கா? நான் எடுத்து வச்ச முடிச்சக் காணோம். அதத் தின்னதுனாலதான் யாழினி இம்புட்டுப் புத்தியா இருக்கா. காலுக்கு நான் கெடுதல் பண்ணிட்டேன். மூளைக்கு நீ நல்லது பண்ணியிருக்க.”

நான் எழுந்து சன்னல் பக்கம் போனேன். என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது.

“அந்த ரகம் இப்ப வர்றதில்ல” என்றேன். மருந்துக்கடைக்கு அழைத்துப்போய், மருத்துவரிடம் போனில் பேசி, அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரையை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அழைத்து, போட்டுக்கொண்டாயா என்று கேட்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஒரு நாள் அவள் போனில் சிரித்தாள்.

“என்னக்கா இது... அன்னைக்கு மாத்திர வேணாம்னவளும் நீதான். இன்னைக்குப் போடு போடுன்னு உசுர வாங்குறவளும் நீதான்.”

சிரிப்பு பாதியில் நின்றது.

நான் காத்திருந்தேன். பின்னணியில் அவள் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. கேட்டுவிடு வளரு... கேட்டுவிடு! நீயாகக் கேட்டால் இந்த முறை பொய் சொல்லமாட்டேன்! மனசுக்குள் கத்தினேன்.

“சரிக்கா. அடுப்புல பால் இருக்கு. வச்சிர்றேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தும் கேட்காமல் விட்டாளா? அல்லது உண்மையிலேயே பால் பொங்கியதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் முகத்தை நேராகப் பார்க்கும் துணிவு போய்விட்டது.

இப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். மசக்கையில் எழ முடியவில்லை. அதனால் போன வாரம் யாழினிக்குப் புதுத் தாங்கி அளவெடுக்கத் திண்டுக்கல்லில் நான்தான் கூட்டிப்போனேன். ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பழைய தாங்கி சிறிதாகிவிட்டது.

அளவெடுப்பவர் புது ஆள். அவள் கால்களைப் பார்த்துவிட்டு, “பிறவியிலேயேவா பாப்பா?” என்று கேட்டார்.

“ஆமா அங்கிள். கிரகணத்துனால. நான் வயித்துல இருக்கும்போது எங்கம்மா வெளிய வந்துட்டாங்க” என்றாள் யாழினி. வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

அவர் அவள் கால்களுக்கு மாவு அச்சு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அது காயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் பக்கம் சாய்ந்து ரகசியம்போலச் சொன்னாள்:

“பெரியம்மா, அம்மா அன்னைக்கு என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அம்மா தப்புப் பண்ணிட்டேன் பாப்பான்னு சொல்லுச்சு.”

“நீ என்னடா சொன்ன?”

“பரவால்லம்மா, நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அப்புறம் அழுகல. கேட்டா மன்னிக்கணும்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க.” சற்று யோசித்துவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “நான் செஞ்சது சரிதான பெரியம்மா?”

வெளியே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அறையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

“சரிதான்டா தங்கம்” என்றேன்.

ஆம்... அதையும் சொன்னேன்.